வளவுக் கழிவில் கரண்ட்: கலமா, உயிர்வாயுவா, உமியா, வெயிலா?

மாசி மாதம் அறுவடை முடிந்த கையோடு தம்பலகாமத்துச் சித்தப்பா வீட்டுக்கு வந்திருந்தார். போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். ஒரு வாளி சேறு, அதற்குள் இரண்டு கம்பி, கம்பியின் நுனியில் ஒரு சின்ன விளக்கு எரிகிறது. "மகன், மூன்று ஏக்கர் வைக்கோல் வயலில கிடக்குது. இதைக் கரண்டாக்கினா கிணத்து மோட்டருக்குக் காணுமா?" என்று கேட்டார்.

அதே கிழமை, என்னிடம் இரசாயனவியல் படிக்க கிண்ணியாவிலிருந்து வரும் உயர்தர மாணவி ஒருத்தி, "சேர், மரக்கறிக் கழிவில நுண்ணுயிர் எரிபொருள் கலம் செய்து செயற்றிட்டமாகக் குடுக்கலாமா?" என்றாள். மூன்றாவது ஆள் மூதூர்ப் பக்கம் சின்ன நெல் மில் நடத்தும் என் நண்பர். மில்லின் பின்பக்கம் உமி ஆளுயரத்துக்கு மேல் குவிந்து கிடக்கிறது. கரண்ட் பில்லும் வருகிறது. இரண்டையும் ஒன்றாக்கித் தீர்க்க வழியில்லையா என்பது அவர் கேள்வி.

மூன்று பேரும் கேட்டது ஒரே கேள்விபோலத் தெரிந்தாலும் மூவருக்கும் ஒரே விடையைச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். வயலோ மாடோ மில்லோ வைத்துக்கொண்டு இதே இடத்தில் நிற்பவர்கள் நம் திருகோணமலை மாவட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

## முதலில், எதை வைத்து எடைபோடுவது

பெரும்பாலானவர்கள் "என்னிடம் இன்ன கழிவு இருக்கிறது, இதிலிருந்து என்ன எடுக்கலாம்?" என்று தொடங்குகிறார்கள். நான் மறுபக்கத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். உங்களுக்கு வேண்டியது என்ன? அடுப்புக்கு நெருப்பா, இரவில் வெளிச்சமா, மோட்டரைச் சுழற்றும் சக்தியா? இந்த மூன்றுக்கும் தேவைப்படும் அளவு ஒன்றுக்கொன்று மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஓர் எல்.ஈ.டி. விளக்குக்கு 5 வாட் போதும். ஒரு குதிரைவலு மோட்டருக்கு ஏறக்குறைய 750 வாட் வேண்டும். ஒரு வீட்டுச் சமையலுக்கு வேண்டிய வெப்பம் இவை எல்லாவற்றையும் விடப் பெரியது.

அடுத்தது கழிவின் ஈரம். சாணகம், மரக்கறிக் கழிவு, ஆற்றுவாழை எல்லாம் ஈரக்கழிவு. இவற்றை எரிக்க முடியாது, நுண்ணுயிரிடம்தான் கொடுக்க வேண்டும். உமியும் காய்ந்த விறகும் எரிக்கக்கூடியவை, அவற்றை நுண்ணுயிர் எளிதில் தொடாது. வைக்கோல் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதுதான் அதைக் கையாள்வதில் உள்ள சிக்கல்.

மூன்றாவது, அந்தக் கழிவு ஆண்டு முழுவதும் வருகிறதா? பெரும்போக வைக்கோல் மாசி, பங்குனியில் வந்து முடிந்துவிடும். சிறுபோகத்துக்குத் தண்ணீர் கிடைத்தால் மறுபடி ஆவணி, புரட்டாதியில் வரும். ஆனால் விளக்கு தினமும் எரிய வேண்டும்.

நான்காவதைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அந்தக் கழிவு இப்போது யாருக்குப் போகிறது? வயலுக்கா, மாட்டுக்கா, நெல் அவிக்கும் அடுப்புக்கா? "சும்மா கிடக்கிறது" என்று நாம் சொல்லும் பொருளுக்கு எப்போதும் ஓர் உரிமையாளர் இருக்கிறார். அவருடைய பங்கை எடுத்தால் அதற்கு ஈடு கொடுத்தாக வேண்டும்.

கடைசியாக நம் ஊர்க் காரணங்கள் இரண்டு. மாரியில் நிலத்தடி நீர் மேலே ஏறிவிடும், கடற்கரைப் பக்கம் உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும். எந்தக் கருவியை வாங்கினாலும் அது பழுதானால் திருத்த இங்கே ஆள் இருக்கிறாரா என்பதையும் இத்துடன் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## நுண்ணுயிர் எரிபொருள் கலம்

இதைப்பற்றி நீளமாகவே சொல்லப்போகிறேன். பலரும் மயங்குவது இங்கேதான், எனக்கும் இதில் தீராத ஆசை உண்டு.

சித்தப்பாவின் வீடியோவில் இருந்ததும் இதுதான். நடப்பது இப்படி. ஒட்சிசன் இல்லாத சேற்றுக்குள் பக்டீரியாக்கள் அழுகும் பொருளைத் தின்கின்றன. தின்னும்போது வெளிவரும் இலத்திரன்களை எங்காவது கொடுத்தாக வேண்டும். நாம் மூச்சில் எடுக்கும் ஒட்சிசனிடம் கொடுக்கிறோம். சில பக்டீரியாக்கள் அவற்றை இரும்புத் துருவிடம் கொடுக்கும், அந்த இடத்தில் ஒரு காபன் துண்டை வைத்தால் அதனிடமும் கொடுக்கும். அந்தக் காபன்தான் அனோட்டு. அங்கிருந்து கம்பி வழியாக இலத்திரன்கள் மேலே காற்றுப் படும் கதோட்டுக்குப் போகின்றன. அங்கே ஒட்சிசனோடும் புரோத்தன்களோடும் சேர்ந்து தண்ணீராகின்றன. கம்பி வழியே போகும் அந்த ஓட்டம்தான் மின்சாரம்.

இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் மைக்கேல் பொட்டர் 1911இலேயே, சேதனப் பொருள் சிதையும்போது மின்விளைவு உண்டாவதை எழுதிவிட்டார். 1931இல் அமெரிக்காவில் பார்னெட் கோஹன் பல கலங்களை அடுக்கி 35 வோல்ட் எடுத்தார். ஓட்டம் 2 மில்லியம்பியர் மட்டுமே. இலத்திரனைத் தானாகவே வெளியே தள்ளும் ஜியோபாக்டர் இனத்தை 1987இல் டெரெக் லவ்லி பொட்டோமாக் ஆற்றுச் சேற்றில் கண்டுபிடித்தார். அதன் பிறகுதான் இத்துறை வேகம் பிடித்தது. நூறு வருடத்துக்கு மேலாகத் தெரிந்த ஒன்று ஏன் இன்னும் ஒரு வீட்டுக்கும் வெளிச்சம் கொடுக்கவில்லை என்று கேட்டால், விடை கணக்கில் இருக்கிறது.

பத்துக் கிலோ மரக்கறிக் கழிவை எடுத்துக்கொள்வோம். அதில் ஒன்பது கிலோவரை தண்ணீர். மீதி ஒரு கிலோ முழுதும் ஒட்சியேறுவதற்கு ஏறத்தாழ ஒரு கிலோ ஒட்சிசன் தேவை என்று வைத்துக்கொண்டால், அதிலிருந்து வரக்கூடிய இலத்திரன்கள் 3,350 அம்பியர்-மணி. கலம் சுமையோடு இயங்கும்போது கொடுப்பது சுமார் 0.3 வோல்ட். பெருக்கினால் ஒரு யூனிட், அதாவது பில்லில் வரும் ஓர் அலகு. அதுவும் ஓர் இலத்திரன்கூட வீணாகாவிட்டால்தான். உண்மையில் பாதிக்கு மேல் மெதேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களும் உள்ளே கசியும் ஒட்சிசனும் தின்றுவிடும். கால்வாசி கிடைத்தால் நல்ல கலம் என்று சொல்லலாம். பத்துக் கிலோவுக்குக் கால் அலகு.

இதைவிடப் பெரிய தடை வேகம். உணவு எவ்வளவு கொட்டினாலும், காபன் பரப்பில் ஒட்டியிருக்கும் பக்டீரியாக்கள் எவ்வளவு வேகமாக இலத்திரனைக் கொடுக்கின்றனவோ அவ்வளவுதான் வரும். ஆய்வுகூடத்தில் நன்றாக அமைத்த கலங்கள் ஒரு சதுர மீட்டர் மின்வாய்க்கு (அனோட்டு, கதோட்டு இரண்டுக்கும் பொதுப்பெயர்) ஒரு வாட்டைத் தாண்டியிருக்கின்றன. வீட்டில் நாம் செய்வது அதன் பக்கத்திலும் வராது.

என் அனுபவத்தையே சொல்கிறேன். சந்தையில் வாங்கிய, மெருகிடாத ஒரு மண்முட்டி. உள்ளே குளத்துச் சேறும் நறுக்கிய கீரைத்தண்டும், அவற்றுக்குள் உள்ளங்கைகள் இரண்டை விரித்த அளவு காபன் கம்பளி (காபன் இழையால் ஆன துணி). வெளிப்பக்கம் இன்னொரு துண்டு, பாதி நனைந்தும் பாதி காற்றிலுமாக. முதல் மூன்று நாள் ஒன்றுமில்லை. பதினோராம் நாள் ஆயிரம் ஓம் தடையிக்கு 0.45 வோல்ட் நின்றது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது, அடுத்த வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். ஆனால் அந்த 0.45 வோல்ட்டுக்குக் கிடைத்த வலு 0.2 மில்லிவாட். ஐந்து வாட் விளக்கு ஒன்றை எரிக்க இப்படி 25,000 முட்டிகள் வேண்டும். மூன்று முட்டிகளைத் தொடராக இணைத்து, எண்கள் காட்டும் ஒரு சின்னக் கடிகாரத்தை ஓட்டினேன். அது ஓடியது.

வைக்கோல் என்றால் இன்னும் கஷ்டம். மின்சாரம் தரும் பக்டீரியாக்களுக்கு வைக்கோலைக் கடிக்கப் பல் இல்லை. அவை விரும்புவது அசற்றேற்று போன்ற சின்ன மூலக்கூறுகளை. வைக்கோலில் செலுலோசும் அதைப் பூட்டிவைத்திருக்கும் லிக்னினும் சிலிக்காவும்தான் பெரும்பகுதி. முதலில் வேறு நுண்ணுயிர்கள் அதை உடைத்துக் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் 2007இல் மாட்டின் இரைப்பை நுண்ணுயிர்களைக் கொண்டு செலுலோசிலிருந்து நேரடியாக மின்சாரம் எடுத்துக் காட்டினார்கள். அப்போதும் ஒரு சதுர மீட்டருக்கு 55 மில்லிவாட் அளவுதான். அந்த வேலையை நம் மாடு தினமும் செய்துவிட்டுத்தான் சாணகம் போடுகிறது.

வயலுக்குள்ளேயே மின்வாயைப் புதைத்து, உயிரோடு நிற்கும் நெல்லின் வேர்க்கசிவிலிருந்து மின்சாரம் எடுக்கும் முறையும் உண்டு. ஜப்பானில் 2008இல் வயலில் செய்து பார்த்தபோது ஒரு சதுர மீட்டருக்கு அதிகபட்சம் 6 மில்லிவாட் வந்தது. ஒரு ஏக்கர் முழுக்கக் காபன் கம்பளி விரித்தாலும் 24 வாட். சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் வாடியதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

மறைந்திருக்கும் செலவுகளும் உண்டு. காபன் கம்பளி நம் கடைகளில் கிடைக்காது, வரவழைக்க வேண்டும். ஆய்வுகளில் இரு மின்வாய்களுக்கும் நடுவே வைக்கும் நஃபியோன் சவ்வும் பிளாட்டினம் பூசிய கதோட்டும் விலையில் தொட முடியாதவை. 0.3 வோல்ட்டை வைத்துக்கொண்டு எதையும் இயக்க முடியாது, அதை உயர்த்தும் மின்சுற்று வேண்டும், அதுவே ஒரு பங்கைத் தின்னும். தொடராக இணைத்த கலங்களில் ஒன்று பசித்துப்போனால் அதன் துருவம் தலைகீழாகி மற்றவற்றின் உழைப்பையும் இழுத்துவிடும். நம் வெயிலில் தண்ணீர் வற்றி, காற்றுப் படும் பக்கத்தில் உப்புப் படியும். அதைச் சுரண்டாவிட்டால் இரண்டு கிழமையில் வலு பாதியாகும்.

சரி, அப்படியானால் இது யாருக்கு? மூன்று இடங்களில் இதற்குப் பக்கத்தில் வேறெதுவும் நிற்க முடியாது.

ஒன்று, படிப்பு. ஒட்சியேற்றம், தாழ்த்தல், நுண்ணுயிரியல், மின்சுற்று எல்லாவற்றையும் ஒரே முட்டிக்குள் காட்டும் வேறு செயற்றிட்டம் எனக்குத் தெரியாது.

இரண்டு, வெயில் எட்டாத இடத்தில் வைக்கும் உணர்கருவி. பொட்டோமாக் ஆற்றில் சேற்றில் புதைத்த மின்வாய்களைக் கொண்டே ஒரு வானிலை மிதவையை இயக்கிக் காட்டியதை அமெரிக்க ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்டார்கள். பற்றறி மாற்ற ஆள் போக வேண்டாம், சேறு இருக்கும்வரை ஓடும். கொட்டியாரக் குடாவின் கண்டல் சேற்றை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த மிதவை ஞாபகம் வரும்.

மூன்று, கழிவுநீரைச் சுத்தம் செய்வது. நெல் அவித்த தண்ணீர் எவ்வளவு நாறும் என்று மில்லுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும். கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2010இல் இதே அரிசி ஆலைக் கழிவுநீரை நுண்ணுயிர்க் கலத்தில் விட்டுப் பார்த்தார்கள். விலையுயர்ந்த சவ்வு வைத்த கலத்தைவிட மண்முட்டிக் கலம் நன்றாக வேலை செய்தது. அங்கே மின்சாரம் உபரிதான். தண்ணீர் தெளிவதுதான் பெரிய பலன்.

## உயிர்வாயு

பயோகாஸ் என்று சொல்கிறோமே, அதுதான் இது. இதற்கும் நுண்ணுயிர்கள்தான் வேலை செய்கின்றன, இதற்கும் ஒட்சிசன் ஆகாது. வித்தியாசம் என்னவென்றால், மின்வாய்ப் பரப்பை நம்பியிருக்கத் தேவையில்லை. தொட்டி முழுதும் ஒரே நேரத்தில் வேலை நடக்கும், பலன் மெதேனாக மேலே சேரும்.

சித்தப்பாவின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இரவில் கட்டிவைக்கும் இரண்டு மாடுகளிடமிருந்து ஒரு நாளைக்குப் பதினைந்திலிருந்து இருபது கிலோ சாணகம் வரும். ஒரு கிலோவுக்கு 40 லீற்றர் வாயு. அதோடு ஐந்து கிலோ சமையல் கழிவு. எல்லாம் சேர்த்து ஒரு கன மீட்டருக்குச் சற்று மேல். ஒரு அடுப்பு மணிக்கு 0.3 முதல் 0.4 கன மீட்டர் எரிக்கும். ஆக மூன்று மணி நேரச் சமையல். காஸில் சொன்னால் நாளுக்கு அரைக் கிலோ, 12.5 கிலோ சிலிண்டர் ஒன்று இருபத்தைந்து நாளில் முடிவதற்குச் சமம். 2022இல் சிலிண்டருக்காக விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்றவர்களுக்கு இதன் அருமையைச் சொல்லத் தேவையில்லை.

அதே வாயுவை ஜெனரேட்டருக்கு விட்டால்? சின்ன எஞ்சினில் ஒரு கன மீட்டருக்கு ஓர் அலகு, மிஞ்சினால் ஒன்றரை அலகு. எரிவாயுவின் சக்தியில் முக்கால் பங்கு வெப்பமாகப் போய்விடும். வாயுவோடு கலந்து வரும் ஐதரசன் சல்பைட்டு எஞ்சினின் உள்ளே அரிக்கும், இரும்புச் சுருள் வைத்து வடிக்காவிட்டால் ஒரு வருடத்துக்குள் திருத்த வேலை வரும். ஒரு வீட்டின் உயிர்வாயுவை மின்சாரமாக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. அடுப்பில் எரிப்பதுதான் அதற்குரிய மரியாதை.

வைக்கோலை மட்டும் போட்டால் வாயு வராது. அதில் காபன் மிக அதிகம், நைதரசன் மிகக் குறைவு. சாணகத்தோடு கலந்தால்தான் சமநிலை வரும். ஈரத் தொட்டியில் வைக்கோல் மிதந்து மேலே தடித்த ஆடை கட்டிவிடும். ஏக்கலையில் இருக்கும் தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம் இதற்காகவே, வைக்கோலை ஒரே தடவையில் அடைத்து மூடிச் சில மாதங்கள் வாயு எடுக்கும் உலர் தொகுதி முறையை உருவாக்கியிருக்கிறது. வைக்கோலிலிருந்து சக்தி எடுத்தே தீருவேன் என்பவர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான்.

மறைந்திருக்கும் செலவு என்று பார்த்தால், நம் பக்கத்தில் மிகப் பெரியது மாடு வீட்டில் இல்லாத மாதங்கள். வேளாண்மை தொடங்கியதும் பயிரைக் காக்கப் பட்டி மாடுகளைத் தூர மேய்ச்சல் தரைகளுக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். அந்த மாதங்களில் தொட்டிக்கு உணவு எங்கிருந்து வரும்? ஒரு பசுவாவது வளவில் நிரந்தரமாக நிற்காத வீட்டில் தொட்டி கட்டாதீர்கள். அப்புறம் தண்ணீர்: சாணகத்தின் அளவுக்குச் சமமான தண்ணீர் தினமும் வேண்டும், ஆடி ஆவணிக் கோடையிலும்.

அடுத்தது நிலத்தடி நீர். கிண்ணியா, மூதூர், வெருகல் பக்கத் தாழ்நிலங்களில் மாரியில் மூன்றடி தோண்டினாலே தண்ணீர் ஊறும். நிலத்துக்குள் கட்டிய சீமெந்துக் குவிமாடத் தொட்டி அப்போது பாதி காலியாக இருந்தால், நீர் அதைக் கீழிருந்து தூக்கி வெடிப்பை உண்டாக்கும். அப்படியான இடங்களில் தரைக்கு மேல் வைக்கும் பிளாஸ்டிக் தொட்டி பொருந்தும். கன்னியா, பன்குளம் போன்ற மேட்டு நிலத்தில் குவிமாடத் தொட்டி தாராளமாகக் கட்டலாம்.

கசிவையும் சாதாரணமாக எடுக்கக் கூடாது. மெதேன் காபனீரொட்சைட்டைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு. சாணகத்தைத் திறந்த வெளியில் காயவிடுவதைவிட ஓட்டைத் தொட்டி மோசம்.

## உமி வாயுவாக்கி

மில் நண்பருக்கானது இது. நெல்லின் எடையில் ஐந்திலொரு பங்கு உமி. அதைக் குறைந்த காற்றில் எரித்தால் காபனோரொட்சைட்டும் ஐதரசனும் கலந்த, எரியக்கூடிய வாயு வரும். அதை எஞ்சினுக்கு விட்டால் ஓர் அலகுக்கு ஏறத்தாழ இரண்டு கிலோ உமி செலவாகும். பத்துக் குதிரைவலு மோட்டர் ஒரு மணி நேரம் ஓட 15 கிலோ உமி போதும், மணிக்கு 300 கிலோ நெல் குற்றினால் கிடைப்பது 60 கிலோ. காகிதத்தில் இதைவிட அழகான கணக்கு இல்லை.

ஆனால் உமியில் ஐந்திலொரு பங்கு சாம்பல், பெரும்பாலும் சிலிக்கா. வாயுவோடு தாரும் வரும். அதைக் கழுவும் தண்ணீர் நச்சுத்தன்மை உள்ளது, வாய்க்காலில் விட முடியாது. பழைய ஒற்றை மெஷின் மில்களில் உமியும் தவிடும் நொருங்கிக் கலந்து வரும், அந்தத் தூள் வாயுவாக்கியை அடைத்துவிடும். இறப்பர் உருளை மில்லில் வரும் முழு உமிதான் இதற்குச் சரி. புழுங்கல் அரிசி மில் என்றால் உமி ஏற்கெனவே அவியல் அடுப்புக்குப் போகிறது, மிஞ்சியதைத்தான் கணக்கில் எடுக்கலாம்.

பீகாரில் 2007இல் உமியால் கிராமங்களுக்கு வெளிச்சம் கொடுத்துத் தொடங்கிய ஹஸ்க் பவர் நிறுவனம் பின்னர் சூரிய ஒளியைப் பெருமளவில் சேர்த்துக்கொண்டது. திருகோணமலையிலேயே டோக்கியோ சீமெந்து நிறுவனம் 10 மெகாவாட் உயிர்த்திணிவு மின்னிலையத்தை நடத்துகிறது, உமியையும் கிளிரிசிடியா விறகையும் எரித்து. அது கொதிகலனும் நீராவிச் சுழலியும் கொண்ட பெரிய வேலை. முழுநேர இயக்குநர்கள், இடைவிடாத விநியோகம் எல்லாம் அங்கே இருக்கின்றன. ஒரு சின்ன மில்லில் இவை இருக்காது. வாயுவாக்கிக்கு முன்னால் எப்போதும் ஒருவர் நிற்க வேண்டும், அவருடைய சம்பளத்தைக் கணக்கில் சேர்த்ததும் நண்பரின் உற்சாகம் குறைந்தது.

## வைக்கோலை வயலுக்கு, கூரைக்கு வெயிலை

கழிவிலிருந்து கரண்ட் எடுக்காமலே இருப்பதும் ஒரு தெரிவுதான். சித்தப்பாவின் மூன்று ஏக்கரில் ஏறக்குறைய ஐந்து தொன் வைக்கோல் கிடக்கிறது. நெல் எடுத்த பொற்றாசியத்தில் பெரும்பங்கு மணியில் இல்லை, வைக்கோலில்தான் இருக்கிறது. அந்த ஐந்து தொன்னில் இருப்பது சுமார் மூன்று மூட்டை பொற்றாசு உரத்துக்குச் சமம். 2021இல் இரசாயன உர இறக்குமதியை நிறுத்திய போகத்தில் நம் வயல்கள் என்ன பாடுபட்டன என்பதைப் பார்த்தவர்கள் இந்த மூன்று மூட்டையைச் சின்ன விஷயமாக நினைக்க மாட்டார்கள். அறுவடை மெஷின் வைக்கோலை வயல் முழுக்கச் சிதறிவிடுகிறது, அதைக் கூட்டி அள்ளும் கூலியும் மிச்சம். செய்ய வேண்டியது, நெருப்பு வைக்காமல், தண்ணீர் கட்டுவதற்கு நிறைய நாள் முன்பே, மண் காய்ந்திருக்கும்போது உழுது புரட்டுவது. தண்ணீர் நிற்கும் வயலில் பச்சையாகப் புதைத்தால் மெதேன் வரும், இளம் பயிரும் மஞ்சளிக்கும்.

கரண்டுக்கு? இங்கே ஒரு கிலோவாட் சோலார் நாளுக்குச் சராசரி நான்கு அலகு தரும். அதாவது 350 வாட் பேனல் ஒன்று, இரண்டு மாட்டின் சாணகம் எஞ்சின் வழியாகத் தரும் மின்சாரத்தைத் தந்துவிடும், யாரும் சாணகம் கரைக்காமலே. கிணற்று மோட்டருக்கு நேரோட்ட (டி.சி.) பம்ப் போட்டால் பற்றறியும் வேண்டாம். வெயில் இருக்கும்போது தாங்கியை நிரப்பிக்கொள்ளலாம்.

சோலாருக்கும் மறைந்த செலவு உண்டு. பொது மின் வலையமைப்போடு மட்டும் இணைத்த சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். பாதுகாப்புக்காக அப்படித்தான் செய்திருக்கிறார்கள். கரண்ட் வெட்டுக்குப் பயந்து போடுபவர்கள் பற்றறியோடு போட வேண்டும், அதன் விலை தனி. நிலாவெளி, உப்புவெளிக் கரையில் பேனலைத் தாங்கும் இரும்புச் சட்டங்கள் துருப்பிடித்துவிடும், அலுமினியமும் துருவேறா உருக்கு ஆணியும் கேட்டு வாங்குங்கள். கார்த்திகை, மார்கழி மேகத்தில் உற்பத்தி நன்றாகக் குறையும்.

## ஒரே பார்வையில்

| | நுண்ணுயிர்க் கலம் | உயிர்வாயு | உமி வாயுவாக்கி | வயலுக்கு வைக்கோல் + சோலார் |
|---|---|---|---|---|
| ஏற்ற பொருள் | ஈரக்கழிவு, சேறு, கழிவுநீர் | சாணகம், சமையல் கழிவு | காய்ந்த முழு உமி, விறகு | வைக்கோல் மண்ணுக்கு |
| கிடைப்பது | மில்லிவாட் | அடுப்புக்கு நெருப்பு | கிலோவாட் | வெளிச்சம், பம்ப், உரம் |
| தினசரி வேலை | கொஞ்சம், ஆனால் கவனம் வேண்டும் | கரைப்பது அரை மணி நேரம் | முழுநேர ஆள் | தூசி துடைப்பது |
| மாரியில் | தாங்கும் | தாழ்நிலத்தில் ஆபத்து | உமி நனையக் கூடாது | உற்பத்தி குறையும் |
| திருத்த ஆள் | நீங்களேதான் | மேசன், குழாய் வேலைக்காரர் | அரிது | ஊரிலேயே உண்டு |

## யார் எதை எடுக்கலாம்

கிண்ணியா மாணவிக்கு நுண்ணுயிர்க் கலத்தைத் தாராளமாகச் செய்யச் சொன்னேன். ஆனால் "மரக்கறிக் கழிவில் மின்சாரம்" என்ற தலைப்பை மாற்றச் சொன்னேன். அதையே எழுதினால் கடைசியில் மிகச் சின்ன ஒரு எண்ணோடு நிற்க வேண்டி வரும். ஒரே அளவு மூன்று முட்டிகள்: ஒன்றில் சந்தைக் கீரை, ஒன்றில் ஆற்றுவாழை, ஒன்றில் நறுக்கிய வைக்கோல். மூன்றுக்கும் ஒரே குளத்துச் சேறு, ஒரே ஆயிரம் ஓம் தடையி. முப்பது நாள், தினமும் ஒரே நேரத்தில் வோல்ட் எடுத்துக் குறிக்க வேண்டும். எந்தப் பொருளை நுண்ணுயிர் முதலில் உடைக்கிறது, எது பிந்தித் தொடங்கி நீண்ட நாள் நிற்கிறது என்பது அந்த வரைபில் தெரியும். நாலாவது முட்டியில் சேறு மட்டும் வைக்க மறக்காதே என்றும் சொன்னேன். அது இல்லாவிட்டால் சேறு தந்ததையும் கீரை தந்ததையும் பிரிக்க முடியாது.

மில் நண்பருக்கு வாயுவாக்கி வேண்டாம் என்றே சொன்னேன். அவர் மில் ஒற்றை மெஷின், உமி தூளாகத்தான் வருகிறது. பகலில் ஓடும் மில்லுக்குக் கூரைச் சோலார் நன்றாகப் பொருந்தும், மில் கூரையும் அகலமானது. உமியைச் செங்கல் சூளைக்கும் கோழிப் பண்ணைக்கும் கொடுக்கலாம், அவர்கள் தேடி வந்து எடுப்பார்கள். அவருக்கு உண்மையில் தலைவலியாக இருப்பது நெல் அவித்த தண்ணீர் என்பது பேசிக்கொண்டிருக்கும்போதுதான் வெளிவந்தது. பக்கத்து வளவுக்காரர் இரண்டு தடவை சண்டைக்கு வந்துவிட்டார். அந்தத் தண்ணீரில் ஒரு வாளி எடுத்து வந்திருக்கிறேன், என்னுடைய பழைய முட்டிகள் இப்போது அதைத்தான் குடிக்கின்றன.

சித்தப்பாவுக்கு: வைக்கோல் வயலுக்கு, இரண்டு பசுவின் சாணகம் அடுப்புக்கு, கிணற்றுக்குச் சோலார் பம்ப். மூன்றையும் ஒரே வருடத்தில் செய்யத் தேவையில்லை. முதலில் உழவு, அதற்குக் கூடுதல் காசு வேண்டியதில்லை. தொட்டி எங்கே கட்டுவது என்று கேட்டார். இப்போது முடிவெடுக்க வேண்டாம் என்றேன். மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில் ஐந்தடிக் குழி ஒன்று தோண்டி, மேலே மழை விழாதபடி மூடிவைத்து, கார்த்திகை மழை பெய்து முடிந்ததும் தண்ணீர் எவ்வளவு உயரத்துக்கு நிற்கிறது என்று ஒரு தடியால் அளந்து சொல்லச் சொல்லியிருக்கிறேன். நீர் நிலமட்டத்திலிருந்து மூன்றடி ஆழத்துக்கு மேலே ஏறி வந்தால் தரைக்கு மேல் வைக்கும் தொட்டி, வராவிட்டால் குவிமாடத் தொட்டி.